விழக் கற்றலே முதற் பாடம்

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே விடியற்காலையில் துலா மிதித்து நீர் இறைத்த காட்சியை முதியோர் பலர் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். ஆடுகாலின் மீது நீண்டு கிடக்கும் துலாவில் ஒருவர் ஏறி முன்னும் பின்னுமாக நடப்பார். கிணற்றை நோக்கி அவர் நடந்தால் பட்டை நீரில் அமிழும். திரும்பிப் பின்னோக்கி நடந்தால் நீர் நிறைந்த பட்டை மேலெழும். துலாக்கொடியைப் பிடித்து நிற்பவர் நீரை வாய்க்காலிற் கவிழ்ப்பார். அத்துணை நீரையும் கையால் இழுத்து ஏற்றுவதாயின் வலிய ஆடவனும் சிறிது நேரத்தில் களைத்துவிடுவான். துலா மிதிப்பவரோ மெலிந்த உடலினராயினும் நெடுநேரம் சளைக்காமல் நடப்பார். அவர் தம் தசையின் வலிமையைச் செலவிடவில்லை, தம் உடலின் பாரத்தை, வேண்டிய கணத்தில், வேண்டிய இடத்தில் வைத்தார், அவ்வளவே.

நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தபின் துலாக்கள் மறைந்துவிட்டன. எனினும் அவற்றில் அடங்கியிருந்த உண்மை மறையவில்லை. அதே உண்மையை மனித உடலின்மேல் வைத்து ஆராய்ந்து, ஒரு முழுமையான கலையாக வளர்த்தவர்கள் யப்பானியர். அக்கலைக்கு அவர்கள் இட்ட பெயர் ஜுஜுட்சு. ‘ஜு’ என்னும் சொல் மென்மை, நெகிழ்ச்சி, இணங்கிப்போகும் இயல்பு ஆகியவற்றைக் குறிக்கும். ‘ஜுட்சு’ என்பது கலை அல்லது வித்தை. போர்க்கலை ஒன்றுக்கு மென்மையின் பெயரை ஏன் சூட்டினார்கள் என்பது சிந்திக்கத்தக்க வினா.

யப்பானிலே உள்நாட்டுப் போர்கள் மலிந்திருந்த காலத்தில் வாளும் வேலும் வில்லுமே வீரனுடைய முதன்மையான படைக்கலங்கள். ஆயின் வாள் கைநழுவிய வேளையில், அல்லது இருவர் ஒருவரையொருவர் இறுகப் பற்றிக்கொண்ட நெருக்கத்தில், வெறுங்கையே துணையாயிற்று. அந்நிலைக்கான பயிற்சிகளே பல்வேறு மரபுகளாக வளர்ந்தன. அவற்றுள் மிகப் பழையனவற்றுள் ஒன்றாகக் கருதப்படும் தாக்கெனோஉச்சி மரபு 1532 ஆம் ஆண்டில் தோன்றியதென்பர். பின்னர் நாட்டில் அமைதி நிலவிய நீண்ட காலத்தில் இம்மரபுகள் நூற்றுக்கணக்கிற் பெருகின. ஒவ்வொரு மரபும் தன் நுட்பங்களைத் தன் மாணாக்கருக்கே இரகசியமாக உரைத்து வந்தது.

இம்மரபுகளுள் ஒன்றான யோஷின் மரபின் தோற்றத்தைப் பற்றி ஓர் அழகிய கதை வழங்குகிறது. நாகசாகி நகரத்து வைத்தியராகிய அக்கியாமா என்பவர் ஒரு பனிக்காலத்திலே மரங்களை உற்று நோக்கினாராம். விறைத்து நின்ற மரங்களின் கிளைகள் படிந்த பனியின் பாரம் தாங்காது முறிந்தன. அலரி இனத்தைச் சேர்ந்ததன்று எனினும் அதுபோல் மெல்லிய கொம்புகளையுடைய வில்லோ மரமோ பனி படியுந்தோறும் வளைந்து கொடுத்தது. பனி வழுக்கி விழுந்தது. கொம்பு மீண்டும் நிமிர்ந்தது. இக்கதை வரலாறோ புனைவோ, அதன் கருத்துத் தெளிவானது. பனிமழை காணாத நம் நாட்டவரும், வெள்ளம் வடிந்தபின் தலைநிமிரும் நாணலைக் கண்டு இதனை எளிதில் உணரலாம்.

1868 ஆம் ஆண்டின் அரசியல் மாற்றத்தின் பின் யப்பான் மேலைநாட்டு முறைகளை விரைந்து தழுவியது. 1876 ஆம் ஆண்டில் சாமுராய் வகுப்பினர் வாள் தரிப்பதும் தடைசெய்யப்பட்டது. பழைய கலைகள் மதிப்பிழந்தன. ஆசிரியர் பலர் வறுமையுற்றனர். அந்நாளிலேதான் கானோ ஜிகோரோ என்னும் இளைஞர் இக்கலையைத் தேடிப் புறப்பட்டார். 1860 ஆம் ஆண்டிற் பிறந்த அவர் சிறிய உடலினர். பள்ளியிலே வலிய மாணவரால் துன்புறுத்தப்பட்டவர். வலியோரை மெலியோர் வெல்லும் வழி ஒன்று உண்டென்று கேள்வியுற்று, 1877 ஆம் ஆண்டில் புக்குடா என்னும் ஆசிரியரிடம் மாணாக்கராகச் சேர்ந்தார்.

ஒருநாள் ஆசிரியர் அவரை ஒரு நுட்பத்தால் வீழ்த்தினார். கையை எவ்வாறு வைப்பது, காலை எங்கே ஊன்றுவது என்று கானோ வினவினார். ஆசிரியர் விளக்கம் எதுவும் கூறாது மீண்டும் மீண்டும் அவரை எடுத்து வீழ்த்தினாராம். பலமுறை செய்து பழகினால் தானே விளங்கும் என்பதே அவர் கருத்து. பழைய ஆசிரியர்களின் முறை அது. ஆயின் பல்கலைக்கழகக் கல்வி பெற்ற கானோவின் உள்ளம் அத்துடன் அமைதியடையவில்லை. நுட்பங்கள் பலவாயினும் அவற்றின் அடியில் ஒரு பொதுவிதி இருத்தல் வேண்டும் என்று அவர் எண்ணினார். வேறு மரபுகளையும் கற்று ஒப்புநோக்கி, 1882 ஆம் ஆண்டில் தோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்த கோயிலின் பன்னிரண்டு பாய் விரித்த சிறு கூடத்திலே கோடோக்கான் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். முதலாண்டில் அவரிடம் சேர்ந்த மாணாக்கர் ஒன்பதின்மரே. அவர் ஒழுங்குசெய்த முறையே இன்று உலகெங்கும் ஜூடோ என வழங்குகிறது.

இக்கலையைக் கற்க வருவோர் முதல்நாளில் பிறரை வீழ்த்தும் வித்தையை எதிர்பார்த்து வருவர். ஆயின் அவர்களுக்குக் கற்பிக்கப்படுவது விழும் வித்தை. யப்பானியர் இதனை உக்கெமி என்பர். மனிதன் விழும்போது இயல்பாகவே கையை ஊன்றுகிறான், மணிக்கட்டு முறிகிறது. தலை பின்னே சாய்கிறது. பிடரி தரையில் மோதுகிறது. உடலை விறைப்பாக்குகிறான், தாக்கம் முழுவதும் ஓரிடத்திற் குவிகிறது. இம்மூன்று பிழைகளையும் நீக்குவதே முதற் பாடம். மோவாயை மார்பை நோக்கி ஒடுக்கிக் கண்களை இடைக்கச்சையின்மேல் வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்தால் தலை தரையைத் தொடாது. முதுகைத் தேங்காய் மூடிபோல் வளைத்தல் வேண்டும். உடல் தரையைத் தொடும் கணத்தில், முழுக்கையையும் உள்ளங்கை கீழாக உடலுக்குச் சற்று விலகித் தரையில் அறைந்து, மூச்சை வெளியே விடுதல் வேண்டும். தாக்கம் பரந்த இடத்திற் சிதறிவிடும்.

இப்பயிற்சி முதலில் படுத்த நிலையிலும், பின் அமர்ந்தும், பின் குந்தியும், ஈற்றில் நின்றும் செய்யப்படும். பின்புறமாக, பக்கவாட்டில், முன்புறமாக, உருண்டு எழுமாறு என விழுதலில் வகைகள் உண்டு. மாணாக்கன் விழுவதற்கு அஞ்சாத நிலையை அடைந்த பின்பே பிறனொருவன் அவனைத் தூக்கி எறியலாம். இவ்வொழுங்கைக் குலைத்தால் விளைவது என்ன என்பதை யப்பானே துயரத்துடன் கண்டது. 1983 ஆம் ஆண்டு முதலான ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அந்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் ஜூடோ பயின்ற மாணவர் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தலையிற் காயமுற்றவர்கள். புதிதாகச் சேர்ந்தோரே அவர்களிற் பலர். கலை பிறந்த மண்ணிலேயே அதன் முதற் பாடத்தை அவசரத்திற் கடந்து சென்றதன் விலை அது. 2012 ஆம் ஆண்டில் இடைநிலைப் பள்ளிகளிற் போர்க்கலைகள் கட்டாய பாடமாக்கப்பட்டபோது, பெற்றோரும் அறிஞரும் இதனைச் சுட்டிக்காட்டிப் பாதுகாப்பை வலியுறுத்தினர்.

இரண்டாம் பாடம் நிற்றல். விறைப்பின்றி, குனிவின்றி, பாதங்கள் தோளின் அகலத்துக்கு விலகி, முழங்கால்கள் சற்றே தளர்ந்து நிற்கும் நிலை இயல்நிலை எனப்படும். அந்நிலையில் நிற்பவன் எத்திசையிலும் உடனே நகரலாம். அவன் கால்களைக் குறுக்கே பின்னி நடப்பதில்லை. பாதத்தைத் தரையோடு உரசியவாறே நகர்த்துவான். உடலின் பாரம் முழுவதும் அடிவயிற்றில் தங்கியிருப்பதாகக் கருதி இயங்குமாறு ஆசிரியர் கூறுவர். நிறைகுடத்தை இடுப்பில் ஏந்தித் தளம்பாமல் நடக்கும் பெண்ணின் நடையிலே இந்நிலையைக் காணலாம்.

மூன்றாம் பாடமே இக்கலையின் உயிர்நிலை. அது குசுஷி, அதாவது எதிராளியின் சமநிலையைக் குலைத்தல். கானோ இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கினார். எதிராளியின் வலிமை பத்து என்றும், தன் வலிமை ஏழு என்றும் கொள்வோம். அவன் தள்ளுகிறான். எதிர்த்து நின்றால் ஏழு பத்துக்குத் தோற்பது உறுதி. எதிர்க்காமல், அவன் தள்ளும் அளவுக்குப் பின்வாங்கினால் அவன் முன்னே சாய்ந்து நிலை தடுமாறுகிறான். அக்கணத்தில் அவனுடைய பத்து மூன்றாகச் சுருங்கிவிடும். பின்வாங்கியவனோ நிலை குலையாதவன். அவனுடைய ஏழும் குறையாமல் இருக்கிறது. அதிற் பாதியைச் செலவிட்டாலும் வெற்றி கிட்டும். பூட்டிய கதவை ஒருவன் தோளால் இடிக்க வரும்போது உள்ளிருப்பவன் கதவைத் திறந்துவிட்டால், வந்தவன் தன் விசையாலேயே வீட்டினுள் விழுகிறான் அல்லவா? அவனை வீழ்த்தியது யார்?

கிளித்தட்டு ஆடிய யாழ்ப்பாணத்துச் சிறுவர் எவரும் இவ்விதியை அறியாதவரல்லர். கோட்டிலே காத்து நிற்பவனை வலப்புறம் பாய்வதுபோற் காட்டி அப்பக்கம் சாயவிட்டு, அவன் உடல் திரும்பி வருமுன் இடப்புறத்தால் ஓடிவிடுவதே ஆட்டத்தின் சூட்சுமம். ஜுஜுட்சு ஆசிரியர்கள் இதனையே எட்டுத் திசைகளாக வகுத்தார்கள்: முன், பின், வலம், இடம், அவற்றின் நான்கு கோணங்கள். நிற்கும் மனிதன் இரண்டு கால்களையே உடையவனாதலின் அவன் நிலையற்ற திசை ஒன்று எப்போதும் இருந்தே தீரும். அதனைக் கண்ணால் அன்றிக் கைப்பிடியின் உணர்வால் அறிவதே தேர்ச்சி. திருக்குறளிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. அரசனுக்கு வகுத்த அவ்வொழுங்கு பாயின்மேல் நிற்கும் இருவருக்கும் பொருந்தும்.

நிலை குலைந்த பின் இரண்டு செயல்கள் எஞ்சும். தன் உடலை உரிய இடத்திற் பொருத்துதல் ஒன்று, எறிதல் மற்றொன்று. இடுப்பு எறிவு என்னும் அடிப்படை நுட்பத்தை எடுத்துக்கொள்வோம். எதிராளியை முன்னே சாய இழுத்தவன், திரும்பி அவனுக்கு முதுகுகாட்டி, முழங்கால்களை மடித்துத் தன் இடுப்பை அவன் இடுப்புக்குக் கீழே வைக்கிறான். ஒரு கை அவன் முதுகைச் சுற்றி அணைக்கிறது; மறு கை அவன் கையை முன்னிழுக்கிறது. முழங்கால்கள் நிமிர்ந்து, உடல் திரும்பியதும் எதிராளி இடுப்பின் மேலாகச் சுழன்று விழுகிறான். இங்கே இடுப்பே ஆடுகால்; எதிராளியின் உடலே துலா. ஆடுகால் துலாவின் உரிய இடத்தில் நில்லாவிட்டால் எத்தனைபேர் ஏறி மிதித்தாலும் பட்டை எழாது. அவ்வாறே இடுப்பு உயர்ந்துவிட்டால் வலியவனும் எதிராளியை எறியமாட்டான்.

எறிதலுக்கு அப்பால் மூட்டுகளை மடக்குதல், அசையாமற் பிடித்தல், கழுத்தை நெருக்குதல், உயிர்நிலைகளைத் தாக்குதல் ஆகியனவும் பழைய மரபுகளில் உண்டு. முழங்கை ஒரு திசையில் மட்டுமே மடங்குவது. அதனை எதிர்த்திசையில் வளைத்தால் சிறு விசையே பெரு வலியை விளைக்கும். ஆதலின் பயிற்சியிலே ஒரு சட்டம் மீறப்படலாகாததாக விளங்குகிறது. பிடிபட்டவன் கையால் இருமுறை தட்டியதும் பிடித்தவன் அக்கணமே விட்டுவிடல் வேண்டும். தட்டுபவனுக்கு அதில் இழுக்கில்லை, விடாதவனுக்கே இழுக்கு. ஒவ்வொரு மாணாக்கனும் தன் மூட்டையும் கழுத்தையும் மற்றவன் கையில் ஒப்படைத்தே கற்கிறான். இந்நம்பிக்கை இல்லாத கூடத்தில் கலை இல்லை, வன்முறையே உண்டு. பயிற்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் இருவரும் தலைவணங்குவது இதன்பொருட்டே.

காயப்படுத்தக் கற்றவன் காயத்தை ஆற்றவும் கற்றல் வேண்டும் என்பது பழைய மரபு. மயங்கியவனைத் தெளிவிக்கும் முறைகளும், விலகிய மூட்டைப் பொருத்தும் முறைகளும் மேல்வகுப்பு மாணாக்கருக்குக் கற்பிக்கப்பட்டன. இன்றும் யப்பானில் எலும்பு மூட்டு வைத்தியர் பலருடைய தொழில்மரபு ஜுஜுட்சு கூடங்களோடு தொடர்புடையது. தமிழகத்தின் தென்கோடியில் வர்மக் கலையைக் கற்ற ஆசான்களும் அடிக்கும் இடத்தையும் ஆற்றும் முறையையும் ஒருங்கே அறிந்தவர்கள். முறிவு நெரிவு வைத்தியத்தைப் பரம்பரையாகப் போற்றிவரும் யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்விணைப்பு வியப்பளிக்காது.

மென்மை வன்மையை வெல்லும் என்பதைக் கேட்டு, உடலின் வலிமை பயனற்றதென்று எவரும் முடிவுசெய்தல் கூடாது. 1964 ஆம் ஆண்டில் தோக்கியோ ஒலிம்பிக் விழாவிலே ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றபோது, எடைவரம்பற்ற பிரிவில் யப்பானிய வீரர் கமினாகாவை ஒல்லாந்து நாட்டின் அன்ரன் கீசிங் வென்றார். கீசிங் ஏறத்தாழ ஆறரை அடி உயரமுடையவர். யப்பானியர் பலர் அன்று கண்ணீர் வடித்தனர். ஆயின் கீசிங் வெறும் உடற்பெருமையால் வென்றவரல்லர். அதே நுட்பங்களை யப்பானிலும் வந்து பல்லாண்டு பயின்றவர். நுட்பம் சமமாயின் வலிமை வெல்லும். நுட்பமில்லாத வலிமையை நுட்பம் வெல்லும். கலை வாக்களிப்பது இவ்வளவே. இதற்கு மேலாக வாக்களிப்போரை நம்புதல் தகாது.

இணங்கிப்போதல் கோழைத்தனம் ஆகாதோ என்று சிலர் ஐயுறலாம். இணங்குவதில் இருவகை உண்டு. அஞ்சித் தன் நிலையை இழந்து பணிவது ஒன்று. தன் நிலையை இழக்காமல், எதிரியின் விசைக்கு மட்டும் வழிவிட்டு விலகுவது மற்றொன்று. முன்னதைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டியதில்லை. பின்னதற்கோ பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். பின்வாங்கும்போதும் நிமிர்ந்த முதுகோடு பின்வாங்குபவனையே இக்கலை வீரனாக மதிக்கிறது.

இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர்களுள் ஒருவர் மகாகவி இரவீந்திரநாத தாகூர். 1905 ஆம் ஆண்டளவிலேயே அவர் யப்பானிய ஆசிரியர் ஒருவரைச் சாந்திநிகேதனத்துக்கு அழைத்து இக்கலையைக் கற்பித்தார். 1929 ஆம் ஆண்டில் தக்காகாக்கி ஷின்சோ என்னும் தேர்ந்த ஆசிரியர் வந்து சேர்ந்தார். வீட்டு முற்றத்துக்கு அப்பால் ஓடி விளையாடுவதும் பெண்களுக்குப் பொருந்தாது எனக் கருதப்பட்ட அந்நாளிலே, தாகூர் தம் பள்ளியின் மாணவியரையும் அப்பயிற்சியிற் சேர்த்தார். பொருளியல் அறிஞர் அமர்த்திய சென்னின் தாயாராகிய அமிதா சென் அவ்வாறு பயின்றவர். தாகூரின் நாட்டிய நாடகங்களில் ஆடியவரும் அவரே. மாணாக்கர் இக்கலையை அரங்கிற் காட்டியபோது பாடுவதற்கென்றே தாகூர் ஒரு பாட்டும் இயற்றினார். அச்சத்தால் தன்னைத் தானே இழிவுபடுத்திக்கொள்ளாதே என்பது அதன் உட்பொருள். 1934 ஆம் ஆண்டில் தம் நாட்டியக் குழுவினருடன் இலங்கைக்கு வந்த தாகூர் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். இங்குள்ளோர் அவருடைய நாட்டியத்தைக் கண்டு மகிழ்ந்தனர். அந்நாட்டியம் வளர்ந்த அதே பள்ளியில் மாணவியர் அஞ்சாமல் விழவும் எழவும் பழகினர் என்பதையும் சேர்த்து நினைத்தல் தகும்.

யப்பானின் கலையை வரவேற்ற அதே தாகூர், 1916 ஆம் ஆண்டில் அந்நாட்டுக்குச் சென்று அதன் போர்வெறியைக் கண்டித்தும் பேசினார். அவர் அஞ்சியது வீணாகவில்லை. போர்க்காலத்தில் இக்கலையும் படைப்பயிற்சியின் கருவியாக்கப்பட்டது. 1945 ஆம் ஆண்டில் யப்பான் தோல்வியுற்றபின் பள்ளிகளில் இது தடைசெய்யப்பட்டு, 1950 ஆம் ஆண்டிலேயே மீண்டும் இடம்பெற்றது. 1938 ஆம் ஆண்டில் கடற்பயணத்தின்போது காலமான கானோ அவ்வழிவைக் காணவில்லை. ஆற்றலைச் சிறந்த முறையிற் பயன்படுத்துதல், தானும் பிறரும் ஒருங்கே நலம் பெறுதல் என்னும் இரண்டையே அவர் தம் கலையின் குறிக்கோள்களாக விட்டுச்சென்றார். முதலாவதை மட்டும் பற்றி இரண்டாவதை மறந்தால் எக்கலையும் படைக்கலமாகிவிடும்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் புத்தகப்பையின் பாரத்தைச் சுமக்கப் பழகிய அளவுக்குத் தம் உடலின் பாரத்தைச் சுமக்கப் பழகினார்களா என்பது பெற்றோர் சிந்திக்க வேண்டியதொன்று. மாலையில் வகுப்பு முடிந்து தனியே வீடு திரும்பும் பெண்பிள்ளைக்கு நிமிர்ந்த நடையும் கலங்காத நெஞ்சும் பெருந்துணை. விழுந்தால் நகைப்பார்களே என்று விளையாட்டுத்திடலின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் பையனுக்கு, விழுதலும் ஒரு பாடமே என்று யாராவது கூறுதல் வேண்டும். எறிவுகளையும் பிடிகளையும் படத்தைப் பார்த்தோ நூலைப் படித்தோ பழகுதல் ஆபத்தாகும். அவற்றுக்குத் தேர்ந்த ஆசிரியர் வேண்டும். அத்தகைய ஆசிரியரைத் தேடிச் செல்வோர் அவரிடம் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: பிள்ளைகளுக்கு முதல் மாதத்தில் எதனைக் கற்பிப்பீர்கள் என்பதே அது. விழக் கற்பிப்பேன் என்று விடையிறுப்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம்.